நெளிப்புக் காட்டுதல்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அம்மம்மா புத்தி சொன்னபோது என் மகள் வாயைக் கோணி முகத்தை வெட்டினாள். "எனக்கு நெளிப்புக் காட்டுறாள்" என்று அம்மா இரண்டு நாளாக அவளுடன் பேசவில்லை. மகளோ, "நான் ஒண்டும் சொல்லேல்லையே" என்கிறாள். நெளிப்பும் உதட்டைப் பிதுக்குவதும் ஒன்றா? இதில் இவ்வளவு கோபிக்க என்ன இருக்கிறது?

கொக்குவிலிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டும் ஒன்றல்ல. உதட்டைப் பிதுக்குவது 'தெரியாது', 'ஒன்றுமில்லை' என்று விடை சொல்வது, அதில் பகையில்லை. நெளிப்போ ஆளைக் குறித்தது. வாய் ஒரு பக்கம் கோணும், நாடி தோளை நோக்கி வெட்டும், கண் எதிரில் நிற்பவரைத் தொட்டுவிட்டு உடனே அப்பாற் போகும். 1872இல் வெளிவந்த, முகக்குறிகள் பற்றிய தமது நூலில் டார்வின், இகழ்பவர் கண்ணைத் திருப்பிக்கொள்வது எதிரிலிருப்பவர் பார்க்கவும் தகாதவர் என்று உணர்த்துவதற்கே என விளக்கினார். அந்த நூலுக்காக அவர் கேட்ட வினாக்களுக்கு இலங்கையிலிருந்தும் விடைகள் சென்றிருந்தன.

தொல்காப்பியர் எள்ளலை வெகுளியில், அதாவது கோபத்தில், வைக்காமல் நகை என்னும் சிரிப்புப் பிறக்கும் நான்கு நிலைக்களன்களில் முதலாவதாக வைத்தது எனக்கு மிக நுட்பமாகப் படுகிறது. கோபித்து ஏசுபவர் நம்மை ஒரு பொருட்டாக மதித்தே ஏசுகிறார். நெளிப்பு அந்த மதிப்பையும் தருவதில்லை. உங்கள் அம்மாவுக்கு நொந்தது இதனாலேயே.

என் சின்னம்மாவும் நெளிப்புக் காட்டுவார். பிட்டுக் குழைந்துவிட்டது என்று மாமியார் குறை சொல்லும்போதெல்லாம், "ஓம் மாமி" என்று அடங்கிய குரலில் சொல்லிவிட்டு, பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியை எடுக்கும் சாட்டில் சுவர்ப்பக்கம் திரும்பி ஒரு நெளிப்பு நெளிப்பார். குசினி வாசலில் குந்தியிருந்த பிள்ளைகளான நாங்கள் மட்டுமே அதைக் கண்டோம். எதிர்த்துப் பேச உரிமையில்லாத ஒருத்திக்கு அது மூச்சு விடுவதைப் போன்றது. அதை நான் ஒருநாளும் குற்றமாக எண்ணியதில்லை. உங்கள் மகளுக்கு அந்த வாய்ப்பூட்டு இல்லை, அவள் காட்டியதும் சுவருக்கு அல்ல. 'ஒன்றும் சொல்லவில்லை' என்ற சமாதானம் அதனாலேயே செல்லாது: சொல்லியிருந்தால் அம்மம்மா மறுமொழி சொல்லியிருப்பார், நெளிப்புக்கு எதை மறுமொழியாகச் சொல்வது?

மன்னிப்புக் கேட்கச் சொல்லி மகளை வற்புறுத்தாதீர்கள். அந்தப் புத்திமதியில் எது பிடிக்கவில்லை என்பதை அம்மம்மாவுக்கு அருகில் இருந்து அவள் வாய்திறந்து சொல்லட்டும். அவர் ஏசக்கூடும். ஏசட்டும், இரண்டு நாள் மௌனம் அதோடு கலையும்.