ஃபெஸ் பழைய நகரத்தை வழிகாட்டி இல்லாமல் ஒரே நாளில் நடந்தே பார்க்க முடியுமா? எந்த வழியாகப் போவது?

முடியும். மேலிருந்து கீழாக நடங்கள், ஏறி வராதீர்கள். மொராக்கோவின் ஃபெஸ் எல்-பாலி, அதாவது இந்தப் பழைய நகரம், ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. மேற்கே மேட்டில் பாப் பூ ஜெலூத் வாசல், அடியில் ஆறும் ர்சீஃப் சதுக்கமும். இரண்டு முக்கியத் தெருக்களின் பெயரிலேயே விஷயம் இருக்கிறது: தாலா கெபீரா என்றால் பெரிய ஏற்றம், தாலா ஸ்கீரா என்றால் சின்ன ஏற்றம்.

காலை ஒன்பது மணிக்கு வாசலில் இருங்கள். வெளிப்பக்கம் நீல ஓடு, உள்பக்கம் பச்சை. உள்ளே போய் தாலா கெபீராவைப் பிடித்தால் சில நிமிடங்களில் பூ இனானியா மதரஸா வந்துவிடும். 1350-களில் கட்டியது. இங்கே அவசரப்படாதீர்கள். முற்றத்துச் சுவரைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள்: இடுப்புயரத்துக்கும் மேல்வரை சின்னச் சின்ன ஓட்டுத் துண்டுகள், அதற்கு மேல் செதுக்கிய சுதை, உச்சியில் தேவதாரு மரம். இந்த வரிசை பிடிபட்டால் ஊரில் மற்ற கட்டடங்களும் புரிந்துவிடும்.

இறங்கிக்கொண்டே போனால் அத்தாரீன் கடைவீதி. அத்தர் விற்பவர்களின் தெரு, நாம் சொல்லும் அதே அத்தர். பக்கத்தில் தச்சர்களின் நெஜ்ஜாரீன் சதுக்கம். அத்தாரீன் மதரஸா (1323–25) சிறியது, ஆனால் வேலைப்பாடு இன்னும் நுணுக்கம். அதை ஒட்டி 859-இல் நிறுவியதாகச் சொல்லப்படும் கராவிய்யீன் பள்ளிவாசல். முஸ்லிம் அல்லாதவர்கள் உள்ளே போக முடியாது. கதவு திறந்திருக்கும்போது வாசலில் நின்று முற்றத்தைப் பார்க்கலாம்.

அடுத்து கன்னார்கள் செம்பு தட்டும் செஃப்பாரீன் சதுக்கம், அங்கிருந்து ஷுவாராவின் தோல் பதனிடும் தொட்டிகள். மதியத்துக்குள் போய்விடுங்கள், வேலை நடப்பதைப் பார்க்கலாம். வெள்ளைத் தொட்டிகளில் சுண்ணாம்பும் புறா எச்சமும்: முதலாவது மயிரைக் கழற்றும், அடுத்தது தோலை மென்மையாக்கும். நாற்றம் அதனால்தான், கையில் புதினாக் கொத்து தருவதும் அதற்குத்தான். தொட்டிகள் தெரிவது தோல் கடைகளின் மாடியிலிருந்து. மேலே ஏற்றிவிட்டவர் சிறு தொகை எதிர்பார்ப்பார், சில்லறை வைத்திருங்கள்.

பலரும் தவறுவது இரண்டு இடத்தில். "அந்தப் பக்கம் மூடியிருக்கிறது, என்னோடு வாருங்கள்" என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் மூடியிருக்காது, புன்னகைத்துவிட்டு நடங்கள். அடுத்தது ஃபோன் வரைபடம். உயர்ந்த சுவர்களுக்கு நடுவே நீலப் புள்ளி பக்கத்துச் சந்துக்குத் தாவிவிடும், பல சந்துகளோ முட்டுச்சந்து. வழி தவறினால் சரிவைப் பார்த்து இறங்குங்கள், ஆற்றுப் பக்கம் வந்துவிடுவீர்கள். பின்னால் "பாலக்!" என்று குரல் கேட்டால் உடனே சுவரோரம் ஒதுங்குங்கள், சுமையோடு கோவேறு கழுதை வருகிறது. வெள்ளிக்கிழமை நிறையக் கடைகள் மூடியிருக்கும், அந்த நாளைத் தவிருங்கள்.

தொட்டிகள் பார்த்தபின் செஃப்பாரீனுக்கே திரும்பி, சாயக்காரர் தெரு வழியாக ர்சீஃப் போங்கள். அங்கே வண்டி வரும். சிவப்பு டாக்ஸியில் மீட்டர் போடச் சொல்லி, வடக்கு மேட்டில் மரீனிது அரச வம்சத்தின் கல்லறைகளுக்குப் போகலாம். காலையில் வாசலில் நின்று பார்த்த கராவிய்யீனின் பச்சை ஓட்டுக் கூரை அங்கிருந்து முழுசாகத் தெரியும். இருட்டுமுன் அதே டாக்ஸியில் இறங்கிவிடுங்கள்.