புது முகாமுக்கு மாறியதிலிருந்து ஜெபமே வரவில்லை என்றால்

ராணுவத்தில் இருக்கும் நீங்கள், புது முகாமுக்கு வந்தபின் ஜெபமே வரவில்லை, விசுவாசம் போய்விட்டதோ என்று கேட்டிருந்தீர்கள். நீளமாக ஜெபிக்கும் முயற்சியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். டியூட்டிக்குக் கிளம்பி பூட்ஸ் கயிறு கட்டும் நேரத்தில் பைபிளில் சங்கீதம் 121 மட்டும் சொல்லுங்கள். 8 வசனம்தான். கடைசி வசனம், நாம் போவதையும் வருவதையும் கர்த்தர் காப்பார் என்பது. மாற்றலிலேயே வாழ்கிறவருக்கு வேறென்ன வேண்டும்!

விசுவாசம் போய்விட்டதோ என்ற கேள்விக்கு வருகிறேன். எனக்கு அது வெறும் அசதியாகத்தான் படுகிறது. பைபிளில் 1 இராஜாக்கள் 19-இல், "போதும்" என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டார், தூங்கினார், தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான்.

ஒரு வாரம் கவனியுங்கள்: நன்றாகத் தூங்கிய நாளில் ஜெபம் கொஞ்சமாவது வருகிறதா? வந்தால் களைப்புதான்.

தூக்கமே இல்லை, சாகலாம் போலிருக்கிறது என்றால் மட்டும் போதகரோடு நிறுத்தாதீர்கள் பிரதர். அன்றைக்கே ராணுவ டாக்டரையும் பாருங்கள்.