எறக்கத்துல பார் மேல உக்காந்து போறத ஏன் ரேஸ்ல தடை பண்ணாங்க?

நுவரெலியாவுல இருந்து றம்பொடை பக்கம் எறங்குற பொடியன்மார் சீட்ட விட்டுட்டு, சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவுல இருக்குற பார் மேல குந்திக்கிட்டு போறாங்க, புரோ ரேஸ்ல மட்டும் ஏன் கூடாதுன்னு கேட்டிருக்கீங்க.

காத்து எதிர்ப்பு கொறையுது, அதனால பெடல் மிதிக்காமலே வேகம் கூடும், அது உண்மைதான். 2016 டூர் டி பிரான்ஸ்ல கிறிஸ் ஃப்ரூம் பெய்ரசூர்ட் மலை எறக்கத்துல அப்பிடித்தான் போயி அன்னைக்கு ஸ்டேஜ ஜெயிச்சாரு. ஆனா அப்பிடி குந்தினா உடம்பு பாரம் முன்னுக்கு போயிரும், பின் சக்கரம் லேசாயிரும், ஒரு குழி வந்தாலோ சடார்னு பிரேக் புடிச்சாலோ சைக்கிள கட்டுப்படுத்த வழியே இல்ல. அதான் 2021 ஏப்ரல்ல இருந்து உலக சைக்கிள் சங்கம் யூசிஐ தடை பண்ணிருச்சு. சில ரைடர்மார் கத்தினாங்க, எங்களுக்கு ஓட்டத் தெரியாதான்னு. என்னக் கேட்டா தடை சரிதான், டிவில பாத்துட்டு சின்னப் பொடியன் எல்லாம் செய்யுறான்ல.

ஹெல்மெட்டும் இதே கததான். 1991ல கட்டாயமாக்கப் பாத்தாங்க, ரைடர்மாரே எதிர்த்து நிறுத்திட்டாங்க. 2003 பாரிஸ்-நீஸ் ரேஸ்ல ஆந்த்ரே கிவிலேவ்ங்கிற ரைடர் ஹெல்மெட் இல்லாம விழுந்து செத்த பொறகுதான் கட்டாயமாச்சு, அதுலயும் முதல்ல கடைசி ஏத்தத்துல கழட்டலாம்னு சலுகை வேற.

யூசிஐ விதியில இன்னொன்னு, ரேஸ் சைக்கிள் 6.8 கிலோவுக்கு கொறையக் கூடாது. நம்ம ஊரு லுமாலா சைக்கிள் ஓட்டுறவங்களுக்கு அந்தக் கவல இல்ல. மழ, மூடுபனி நேரத்துல ரிம் பிரேக் கட்டை நனைஞ்சு லேட்டாத்தான் புடிக்கும், அதனால வளைவுக்கு முன்னுக்கே வேகத்த கொறைச்சிருங்க, சீட்லயே உக்காந்து.