லத்தி விழுந்ததைப் பார்த்துவிட்டேன், இனி என்ன? – வக்கீல் பதில்கள்

போன இதழில் கைதானவரின் உரிமைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் எழுதியவை. "நான் யாரோ, அவர் யாரோ, எனக்கு இதில் என்ன அதிகாரம்?" என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். அவற்றிலிருந்து சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

இரவு வாகனச் சோதனையில் ஹெல்மெட் போடாத ஒரு பையனை எஸ்.ஐ. அறைந்தார். கீழே விழுந்தவனை இன்னொரு காவலர் லத்தியால் அடித்தார். சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து போனில் எடுத்தேன். "டெலிட் பண்ணு, இல்லேன்னா உன் மேலயும் கேஸ்" என்று மிரட்டினார்கள். பயந்து அழித்துவிட்டேன். நான் எடுத்தது தப்பா? – கல்லூரி மாணவி

தப்பில்லை. பொது இடத்தில் பணியிலிருக்கும் போலீஸாரைப் படம் எடுக்கக் கூடாது என்று தனியாக ஒரு சட்டம் இந்தியாவில் கிடையாது. காவல் நிலையத்துக்குள் வீடியோ எடுத்தார் என்று ஒருவர் மேல் அலுவலக ரகசியச் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள். அந்தச் சட்டம் சொல்லும் 'தடைசெய்யப்பட்ட இடம்' என்ற பட்டியலில் காவல் நிலையம் வராது என்று சொல்லி, பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2022-ல் அதை ரத்து செய்தது. ஸ்டேஷனுக்கே அப்படியென்றால் நடுரோட்டுக்கு என்ன?

அழித்துவிட்டேன் என்கிறீர்களே, முதலில் போனின் கேலரியில் குப்பைத்தொட்டி படம் போட்ட ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். அழித்த வீடியோ பெரும்பாலான போன்களில் ஒரு மாதம் வரை அதில் கிடக்கும். கிடைத்தால் மீட்டுவிட்டு அப்படியே விடுங்கள். முன்னும் பின்னும் வெட்டாதீர்கள், வட்டம் போடாதீர்கள், பாட்டு சேர்க்காதீர்கள். வாட்ஸாப்பில் அனுப்பியது சுருங்கிப்போன நகல். கோர்ட்டுக்கு வேண்டியது எடுத்த போனில் இருக்கிற மூல ஃபைல். நகலைத் தாக்கல் செய்தால் புதிய சாட்சியச் சட்டம் பிரிவு 63-ன்படி சான்றிதழ் ஒன்றும் கூடவே தர வேண்டும். எந்தக் கருவியில் எடுத்தது, அந்த ஃபைலின் ஹாஷ் எண் (ஃபைல் மாறவில்லை என்று காட்டும் அடையாள எண்) என்ன என்றெல்லாம் அதில் இருக்கும். அதை வக்கீல் பார்த்துக்கொள்வார், நீங்கள் போனை மாற்றாமல் இருந்தால் போதும்.

"டெலிட் பண்ணு" என்று உத்தரவிட எஸ்.ஐ.க்கு அதிகாரம் இல்லை. குற்ற வழக்கு ஒன்றின் தடயம் என்று சொல்லி போனைக் கைப்பற்ற மட்டும் வழி இருக்கிறது. அப்படி எடுத்தால் எழுத்தில் எடுக்க வேண்டும், கைப்பற்றுவதையே வீடியோவில் பதிவு செய்ய வேண்டும், கோர்ட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே கேட்டால் சண்டை போடாமல், "எழுதிக் கொடுங்க சார், தர்றேன்" என்று சொல்லுங்கள். பல இடங்களில் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. அடிவாங்கியவன் பதினெட்டு வயதுக்குக் கீழே இருக்கலாம். அவன் முகம் தெரிகிற வீடியோவை ஊருக்கே பரப்பினால் சிறார் நீதிச் சட்டத்தின்படி சிக்கல் உங்களுக்கே வரும். பரப்புவதற்கு முன்னால் பத்திரப்படுத்துங்கள். சரியான கைக்கு அனுப்பிய ஒரு வீடியோ போதும். 2025 ஜூனில் மடப்புரத்தில் கோயில் காவலாளி ஒருவர் போலீஸ் விசாரணையில் இறந்தாரே, அந்த வழக்கில் அடித்ததை வெளியே கொண்டுவந்தது அங்கே வேலை பார்த்த ஒருவர் மறைவிலிருந்து போனில் எடுத்த சில நொடிக் காட்சிதான். அது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையின் பார்வைக்கு வந்தது, வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது.

அடிக்கும்போது ஓடிப்போய்த் தடுக்கலாமா? – ஒரு வாசகர்

குரலால் தடுக்கலாம். கையால் வேண்டாம். லத்தியைப் பிடித்தீர்கள், காவலரின் சட்டையில் உங்கள் கை பட்டது என்றால் பி.என்.எஸ். (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 132 காத்திருக்கிறது: அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்கினார் என்று. ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத பிரிவு அது. அப்புறம் அடிவாங்கியவரின் சாட்சியாக நீங்கள் நிற்க முடியாது, உங்களுக்கே ஒரு சாட்சி தேட வேண்டியிருக்கும்.

பத்தடி தள்ளி நில்லுங்கள். "சார், அடிக்காதீங்க, நான் பார்த்துக்கிட்டிருக்கேன்" என்று எல்லாருக்கும் கேட்கிறமாதிரிச் சொல்லுங்கள். 112-க்குப் போன் போடுங்கள். போலீஸைப் பற்றிப் போலீஸுக்கே போனா என்று சிரிக்காதீர்கள். அந்த அழைப்பு நேரத்தோடு பதிவாகிவிடும். "அப்படி ஒன்று நடக்கவே இல்லை" என்று ஆறு மாதம் கழித்து ஒருவர் கூண்டில் நின்று சொல்லும்போது அந்தப் பதிவின் மதிப்பு தெரியும்.

பக்கத்து வீட்டுப் பையனை மஃப்டியில் வந்த நாலு பேர் முந்தாநாள் ராத்திரி கூட்டிப்போனார்கள். ஸ்டேஷனில் கேட்டால் "இங்கே யாரும் இல்லை" என்கிறார்கள். அவன் அப்பா கூலி வேலை, பயந்துபோயிருக்கிறார். உறவினர் அல்லாத நான் என்ன செய்ய முடியும்? – பெயர் வேண்டாம் என்றவர்

நிறையச் செய்யலாம். ஒரு சின்னக் கதை சொல்கிறேன், நடந்த கதை. 1979-ல் திகார் சிறையில் தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்தவர் சுனில் பத்ரா. சிறையில் இன்னொரு கைதியை வார்டர் ஒருவர் கொடூரமாகச் சித்திரவதை செய்ததை உச்ச நீதிமன்ற நீதிபதிக்குக் கடிதமாக எழுதினார். அவருக்கும் அந்தக் கைதிக்கும் உறவு ஏதும் கிடையாது. உச்ச நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது. தூக்குக் கைதிக்கு இருந்த அதிகாரம் பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லாமல் போகுமா?

கைது செய்தவரை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். அரசியல் சாசனம் பிரிவு 22 சொல்வது. முந்தாநாள் ராத்திரி என்றால் அந்தக் கெடு தாண்டிவிட்டது. "கைதே பண்ணலை, விசாரிக்கத்தான் கூப்பிட்டோம்" என்பார்கள். அதற்காகத்தான் மஃப்டி, அதற்காகத்தான் ராத்திரி.

இன்றைக்கே செய்ய வேண்டியது: அவன் அப்பா பெயரில் ஒரு தந்தியடிக்கிற மாதிரிச் சுருக்கமாக, எஸ்.பி.க்கும் உங்கள் எல்லைக்கு உட்பட்ட மாஜிஸ்திரேட்டுக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் மின்னஞ்சலும் ஸ்பீட் போஸ்ட்டும் அனுப்புங்கள். எத்தனை மணிக்கு, என்ன வண்டி, நம்பர் தெரிந்தால் நம்பர், வந்தவர்களில் யாரையாவது அடையாளம் தெரியுமா, பையன் என்ன சட்டை போட்டிருந்தான், அவ்வளவுதான். கீழே "நேரில் பார்த்தவர்" என்று உங்கள் கையெழுத்து. அநியாயம், அராஜகம் என்றெல்லாம் ஒரு பக்கம் எழுதாதீர்கள், நேரமும் வண்டியும்தான் அவர்களைக் கட்டிப்போடும்.

கூடவே ஒரு வரி சேருங்கள்: அந்த இரவு முதல் ஸ்டேஷனின் சிசிடிவி பதிவை அழியாமல் பாதுகாக்கக் கோருகிறோம் என்று. 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி ஸ்டேஷன் வாசல், லாக்கப், நடைபாதை எல்லா இடத்திலும் குரலும் பதிவாகிற கேமரா இருக்க வேண்டும். பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டாலும் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது. அந்தத் தீர்ப்புக்கு ஆறு மாதம் முன்னால் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துப்போன தந்தையும் மகனும் இறந்த சம்பவத்தில், பதிவு தினமும் தானாக அழிகிறமாதிரி வைத்திருந்ததை விசாரிக்கப்போன மாஜிஸ்திரேட் கண்டுபிடித்தார். கேமரா இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு அதைவிட வேறு உதாரணம் வேண்டாம். அதனால்தான் உடனே எழுதச் சொல்கிறேன். கேட்ட பிறகு அழிந்தால் பதில் சொல்ல வேண்டியது அவர்கள்.

அப்படியும் பையன் வரவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்கும் மனு. அதை நண்பரும் போடலாம். வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேளுங்கள், கட்டணம் இல்லை.

எங்கள் தெருவில் ஒருவரைக் கைது செய்தபோது ஏரியாவில் மரியாதையான ஆள் என்று என்னைக் கூப்பிட்டு இரண்டு தாள்களில் கையெழுத்துக் கேட்டார்கள். ஒன்றில் பாதி எழுதியிருந்தது, இன்னொன்று வெறும் தாள். போட்டுவிட்டேன். இது என்ன? – மளிகைக்கடைக்காரர்

பாதி எழுதியிருந்தது கைதுக் குறிப்பாக இருக்கும். 1996-ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி, இப்போது பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 36-ல் இருக்கிறது. கைதான நேரம், தேதியோடு குறிப்பு எழுத வேண்டும். குடும்பத்தில் ஒருவரோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் போட வேண்டும். கைது செய்கிறவர் தன் பெயர் தெளிவாகத் தெரிகிற அடையாளம் அணிந்திருக்க வேண்டும். இதெல்லாம் கைதானவருக்குப் பாதுகாப்பாக வைத்தது. நடைமுறையில் சாட்சி என்றால் பக்கத்து டீக்கடைக்காரரும் உங்களைப்போன்ற கடைக்காரரும்தான், மறுத்தால் நாளைக்குக் கடை முன்னால் பார்க்கிங் தொல்லை.

அந்த வெறும் தாள்தான் என் கவலை. அதில் நாளைக்கு எது வேண்டுமானாலும் வரலாம். "என் முன்னிலையில் கத்தியைக் கைப்பற்றினார்கள்" என்று மகஜராகவும் (சாட்சி முன்னால் பொருளைக் கைப்பற்றியதாக எழுதும் குறிப்பு) வரலாம். அந்தக் கத்தியை நீங்கள் கோர்ட்டில்தான் முதல்முறையாகப் பார்ப்பீர்கள். இன்றே எஸ்.பி.க்கு ஒரு கடிதம்: இந்தத் தேதி, இந்த நேரம், எழுதப்படாத ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள், கைது தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. ஸ்பீட் போஸ்ட் ரசீதைக் கல்லாவில் போட்டுத் தொலைக்காமல் வீட்டில் வையுங்கள்.

இனி எப்போது கையெழுத்துக் கேட்டாலும், எழுத்து முடிகிற வரிக்கு அடியில் ஒட்டிப் போடுங்கள். கையெழுத்துக்குக் கீழே தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள். காலி இடம் இருந்தால் குறுக்கே ஒரு கோடு. ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ரைட்டர் முறைப்பார், முறைக்கட்டும். "படிச்சிட்டுப் போடுறேன் சார்" என்று சொல்வது யாரையும் தடுப்பதாகாது.

எனக்கு 67 வயது. பார்த்ததைச் சொல்ல ஸ்டேஷனுக்கு வா என்று போனில் கூப்பிடுகிறார்கள். போகாவிட்டால் தப்பா?

போக வேண்டாம். 60 வயதைத் தாண்டிய ஆண், 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பையன், எந்த வயதுப் பெண்ணானாலும், மாற்றுத்திறனாளி, கடும் நோயில் இருப்பவர் – இவர்களைச் சாட்சி விசாரணைக்கு வீட்டைத் தவிர வேறு இடத்துக்கு வரச்சொல்ல முடியாது, பி.என்.எஸ்.எஸ். 179. மற்றவர்களுக்கும் போன் அழைப்பு போதாது, எழுத்தில் உத்தரவு வேண்டும். வீட்டுக்கு வந்தால் பார்த்ததை உண்மையாகச் சொல்லுங்கள். சொல்லியாக வேண்டும், அது உங்கள் கடமை. ஆனால் விசாரணையில் எழுதிக்கொள்ளும் அந்த வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்து வாங்கக் கூடாது, பிரிவு 181. நீங்களாகத் தருகிற புகாரில் மட்டும் கையெழுத்து உண்டு.

புகார் கொடுத்தால் அதே ஸ்டேஷன்தானே விசாரிக்கும்? கொடுத்தவர் கதி? – இரு பிள்ளைகளின் தாய்

உங்கள் பயம் நியாயமானது அம்மா, நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதனால்தான் அந்த ஸ்டேஷனோடு நிறுத்தாதீர்கள் என்கிறேன். அங்கே கொடுத்தால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்குங்கள். வழக்குப் பதியவில்லை என்றால் எஸ்.பி.க்கு, பெருநகரம் என்றால் கமிஷனருக்கு. அதற்கும் அசையவில்லை என்றால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம். அரசு ஊழியர் மீதான புகார் என்பதால் மேலதிகாரியின் அறிக்கையை மாஜிஸ்திரேட் கேட்பார், கொஞ்சம் இழுக்கும்.

இன்னொரு பாதை மாநில மனித உரிமை ஆணையம். பாதிக்கப்பட்டவர் சார்பில் யாரும் எழுதலாம், கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் அனுப்ப வேண்டும். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2021-ல் சொல்லிவிட்டதால் முன்னைவிட அதற்கு இப்போது பல் இருக்கிறது. போலீஸ் புகார் ஆணையம் என்று ஒன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2013 சட்டப்படி மாநில அளவில் அதற்குத் தலைவர் உள்துறைச் செயலாளர், மாவட்டத்தில் கலெக்டர். ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை தாங்க வேண்டும் என்று 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நான் என் கட்சிக்காரர்களை அங்கே முதலில் அனுப்புவதில்லை.

மிரட்டல் வந்தால் சாட்சிப் பாதுகாப்புக்கு மனுப் போடலாம். 2018-ல் உச்ச நீதிமன்றம் அங்கீகரித்த திட்டம் அது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு முடிவெடுக்கும். அந்தக் குழுவில் மாவட்டப் போலீஸ் தலைவரும் ஓர் உறுப்பினர் என்பது உறுத்தும்தான், ஆனாலும் குழுவுக்குத் தலைவர் மாவட்ட நீதிபதிதான். சாத்தான்குளத்தில் அந்த ஸ்டேஷனிலேயே வேலை பார்த்த பெண் தலைமைக் காவலர்தான் மாஜிஸ்திரேட்டிடம் நடந்ததைச் சொன்னார். பயந்துகொண்டேதான் சொன்னார். உயர் நீதிமன்றம் அவருக்குப் பாதுகாப்புக்கு உத்தரவிட்டது.

பிள்ளைகளை நினைத்து இப்போதைக்குப் புகார் வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதிலும் தவறில்லை. அப்படியானால் ஒன்று மட்டும் செய்யுங்கள். இன்று இரவே, பார்த்ததை ஒரு தாளில் எழுதுங்கள். நீங்கள் எங்கே நின்றீர்கள், தெருவிளக்கு எரிந்ததா, எத்தனை அடி தூரம், எந்தக் கையால் அடித்தார், பெயர்ப் பட்டையில் என்ன இருந்தது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு கேட்பது இவ்வளவும்தான், இரண்டு வருடம் கழித்து இவ்வளவும் மறந்திருக்கும். எழுதியதை உங்கள் மின்னஞ்சலுக்கு நீங்களே அனுப்பிவிடுங்கள், தேதி தானாக விழுந்துவிடும். பாதிக்கப்பட்டவரின் வக்கீல் என்றைக்காவது கதவைத் தட்டினால், அன்றைக்கு முடிவை மாற்றிக்கொள்ள வழி இருக்கும்.