ஈத்தன், ஏத்தான், ஏத்தங்குலை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஊர்ப்பெயர்களைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறேன். இப்போது ஆள்பெயரில் ஒரு சந்தேகம். நியூஜெர்சியில் இருக்கும் என் மகளுக்கு ஆகஸ்டில் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. 'ஈத்தன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எபிரேயப் பெயராம், 'பலசாலி' என்று அர்த்தமாம். நானும் சிறுவயதிலிருந்து வேதம் வாசிக்கிறவன்தான், இந்தப் பெயரைப் பார்த்த ஞாபகம் இல்லை. சினிமாவில் பார்த்து வைத்திருப்பார்கள் என்கிறாள் என் மனைவி. துதிப்பதைக் குறிக்கும் 'ஏத்து' என்ற தமிழ்ச்சொல்தான் எபிரேயத்துக்குப் போனது என்று வாட்ஸ்அப்பில் வந்ததை அனுப்புகிறார் மைத்துனர். தெருவுக்கு நாலு ஈத்தன் இருக்கிறான் என்றும் சொல்கிறார்கள். டிசம்பரில் வருகிறார்கள், ஞானஸ்நானம் இங்கேதான். பெயரைத் தமிழில் எப்படி எழுதிக் கொடுப்பது? முதல் பேரனுக்குத் தாத்தா பெயர் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அது போனதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

(பெயர் வெளியிட வேண்டாம்)
மார்த்தாண்டம்

அன்புள்ள ஐயா,

பேரனுக்கு என் வாழ்த்துகள். பெயர் வேதத்தில் இருக்கிறது. நீங்களும் படித்திருப்பீர்கள், 'ஏத்தான்' என்று. 1 இராஜாக்கள் 4:31ஐப் பாருங்கள். சாலொமோன் எவ்வளவு பெரிய ஞானி என்று சொல்வதற்காக, அவன் யார் யாரைவிட ஞானமுள்ளவன் என்று ஒரு வரிசை வரும். அதில் முதல் ஆள் எஸ்ராகியனாகிய ஏத்தான். 89ஆம் சங்கீதத்தின் தலைப்பிலும் அவர் பெயர்தான். நாளாகமத்தில், உடன்படிக்கைப் பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுவரும்போது ஏமான், ஆசாப்போடு சேர்ந்து வெண்கலத் தாளம் தட்டும் பாடகர் ஒருவரும் ஏத்தான்தான். இவர்கள் ஒரே ஆளா, வேறுவேறு ஆட்களா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. யூதர்களின் பழைய விளக்க நூலான தால்முத்தில் ஒரு படி மேலே போய், இந்த எஸ்ராகியனாகிய ஏத்தான் வேறு யாருமல்ல, ஆபிரகாம்தான் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

எபிரேயத்தில் இது கிட்டத்தட்ட 'எய்தான்'. இன்றைய இஸ்ரேலில் 'ஏய்ட்டான்' என்று கடைசி அசையை அழுத்திச் சொல்கிறார்கள். அந்த நடு எழுத்து பழங்காலத்தில் மெல்லிய 'த'வாக ஒலித்தது. கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அதைத் தங்கள் தீட்டா எழுத்தால் எழுதினார்கள். அதுவே ஆங்கிலத்துக்கும் வந்தது. ஆங்கிலேயர் தங்கள் வழக்கப்படி முதல் உயிரை 'ஈ' ஆக்கினார்கள். உங்கள் மகள் சொல்வதும் நீங்கள் வேதத்தில் படித்ததும் ஒரே பெயர் என்று தெரியாமல் போனதற்கு இதுதான் காரணம்.

'பலசாலி' என்ற அர்த்தம் தப்பில்லை, ஆனால் அரைகுறை. குழந்தைப் பெயர்ப் பட்டியல்களில் எல்லாப் பெயருக்கும் ஒரே சொல்லில் அர்த்தம் போட்டுவிடுகிறார்கள். வேதத்தில் இந்தச் சொல் எங்கெல்லாம் வருகிறது என்று பார்த்தால் வேறு ஒன்று தெரியும். செங்கடல் பிளந்து இஸ்ரவேலர் கடந்தபிறகு, விடியற்காலையில் தண்ணீர் தன் பழைய வேகத்துக்குத் திரும்பியது என்கிற இடத்தில் இந்தச் சொல். எரேமியாவில், நெடுங்காலமாக நிலைத்து நிற்கும் ஒரு ஜாதியைச் சொல்ல இதே சொல். ஆமோஸ் 5:24இல் ஓடையைப் பற்றி வருகிறது. நம் தமிழ் வேதாகமத்தில் அந்த வசனம், "நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டுவரக்கடவது" என்று இருக்கும். 'வற்றாத' என்று தமிழில் வருகிற இடத்தில் எபிரேயத்தில் இருப்பது உங்கள் பேரன் பெயர். ஆங்கிலத்தின் பழைய மொழிபெயர்ப்பில் இதை வலிமையான ஓடை என்று போட்டிருக்கிறார்கள். 1963இல் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசும்போது எடுத்தாண்டது அந்த ஆங்கில வரியைத்தான். என்னைக் கேட்டால் நம்முடையதுதான் மூலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இஸ்ரேலில் கோடை முழுக்க மழை கிடையாது. பெரும்பாலான ஓடைகள் குளிர்கால மழைக்கு ஓடிவிட்டு, அப்புறம் நம் வைகை மாதிரி மணலாகக் கிடக்கும். அங்கே ஓர் ஓடையின் பலம் என்பது அதன் வேகம் இல்லை, கோடையிலும் ஓடுகிறதா என்பதுதான். சாலொமோன் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்த ஏழாம் மாதத்தின் பழைய பெயர் 'ஏத்தானீம்'. வற்றாத ஓடைகள் மட்டும் மிஞ்சியிருக்கும் மாதம் என்று அதற்கு விளக்கம் சொல்கிறார்கள். நம் கணக்கில் புரட்டாசி, ஐப்பசி. இன்றைய எபிரேயத்திலும் இது புழக்கத்தில் உள்ள சொல்தான். புயல், வெள்ளம் போன்ற இயற்கைச் சக்திகளைச் சொல்லவும், வங்கிகள் நிலைகுலையாமல் இருக்கின்றன என்று சொல்லவும் இதே சொல்லை வைத்துக்கொள்கிறார்கள். இஸ்ரேல் ராணுவத்தின் ஒரு கவச வண்டிக்கும் இந்தப் பெயர் உண்டு.

பெயருக்குரியவரின் சங்கீதத்தை ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள். கர்த்தரின் கிருபை என்றென்றைக்கும் நிற்கும், தாவீதின் சிங்காசனம் சூரியனைப் போல நிலைக்கும் என்று ஆரம்பிக்கும். பாதி தாண்டியதும் அப்படியே திரும்பிவிடும். அவன் கிரீடத்தைத் தரையிலே தள்ளிவிட்டீரே, முந்தின கிருபைகள் எங்கே என்று நேருக்கு நேர் கேட்கிறார். நிலைத்திருப்பவன் என்று பெயர் வைத்துக்கொண்டவர் எழுதிய பாட்டு! எனக்கு சங்கீதங்களில் பிடித்தவற்றுள் இது ஒன்று.

சரி, மைத்துனர் விஷயம். தேவாரத்தில் 'ஏத்த' என்று எத்தனையோ இடத்தில் வருகிறது, ஏத்தானோ துதிப்பாட்டுக்காரர். பொருத்தம் பார்க்கப் பிரமாதமாகத்தான் இருக்கிறது. ஆனால் எபிரேயச் சொல்லுக்குத் துதிப்பது என்ற அர்த்தமே கிடையாது. அதன் உறவுக்காரச் சொல் அரபியில் இருக்கிறது, அதுவும் ஓயாமல் ஓடும் தண்ணீரைப் பற்றியது. ஒலி ஒத்துப்போனதை மட்டும் வைத்து உறவு கொண்டாடினால் எந்த மொழியையும் எந்த மொழிக்கும் பிள்ளையாக்கிவிடலாம்.

உங்கள் மனைவி சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. டாம் குரூஸ் 1996 முதல் நடித்துவரும் உளவாளியின் பெயர் ஈத்தன் ஹன்ட். ஆனால் படம் வருவதற்கு முன்பே அமெரிக்காவில் இந்தப் பெயர் ஏறத் தொடங்கிவிட்டது. அங்கே அதற்கு வேர் இன்னும் பழையது. அமெரிக்காவின் வடகிழக்கில், நியூ இங்கிலாந்தில் குடியேறிய பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினர், புனிதர்களின் பெயர்களை விட்டுவிட்டுப் பழைய ஏற்பாட்டில் தேடிப்பிடித்துப் பெயர் வைத்தவர்கள். 1738இல் கனெக்டிகட்டில் பிறந்த ஈத்தன் ஆலன் அந்த மரபில் வந்தவர். 1775 மே 10 அன்று டிகோண்டெரோகா கோட்டையை பிரிட்டிஷாரிடமிருந்து பிடித்தவர் என்பதால், அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் தெரியும்.

தெருவுக்கு நாலு பேர் என்பது மிகை. அங்கே சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் ஆண்டுதோறும் குழந்தைப் பெயர்க் கணக்கை வெளியிடுகிறது. 2009, 2010 இரண்டிலும் ஆண் பெயர்களில் ஜேக்கபுக்கு அடுத்து ஈத்தன் இரண்டாம் இடம். 2016இல் பத்தாவது, அடுத்த வருடம் முதல் பத்திலேயே இல்லை. உச்சத்தில் இருந்தபோதுகூட நூறு ஆண் குழந்தைகளில் ஏறக்குறைய ஒருவனுக்குத்தான் இந்தப் பெயர். பெற்றோர் இப்போது ஆயிரம் விதமாகப் பெயர் வைப்பதால் முதல் இடத்துப் பெயருக்குக்கூடப் பங்கு குறைவுதான். ஈத்தன்கள் அதிகம் இப்போது கல்லூரியிலும் உயர்நிலைப் பள்ளியிலும் இருப்பார்கள். உங்கள் பேரன் வகுப்பில் இன்னொருவன் இருந்தால் இருக்கலாம், அவ்வளவுதான்.

எழுதுவதைப் பொறுத்தவரை, 'ஈத்தன்' என்றே எழுதிக் கொடுங்கள். 'ஈதன்' என்று எழுதினால் நம் வாயில் 'த' குழைந்துவிடும். வேத வழக்குதான் வேண்டும் என்றால் 'ஏத்தான்', துணைக்காலோடு. அந்தக் காலை மட்டும் விட்டுவிடாதீர்கள். உங்கள் ஊர்ப்பக்கம் 'ஏத்தன்' என்பது நேந்திரன் வாழை; மார்த்தாண்டம் சந்தையில் 'ஏத்தன்' என்றால் எல்லோரும் வாழைக்குலையைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள், அப்புறம் பையன் ஒவ்வொரு விடுமுறைக்கு வரும்போதும் கேலிக்குப் பதில் சொல்லியே ஓய்ந்துபோவான்.

தாத்தா பெயர் விஷயத்தில் தயங்காமல் மகளிடமே கேளுங்கள். அமெரிக்காவில் நடுப்பெயர் என்று ஒன்று வைப்பார்கள், ஒருவேளை உங்கள் பெயர் ஏற்கெனவே அதில் இருந்தாலும் இருக்கலாம். இல்லாவிட்டால், ஞானஸ்நானத்துக்கு முன்னால் மகளையும் மருமகனையும் சம்மதிக்க வைத்து, போதகரிடம் இரண்டு பெயரையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாயால் சொல்ல வேண்டாம், பதிவேட்டில் எழுத்து மாறினால் பிறகு திருத்துவது பெரும்பாடு.

அன்புடன்.