ஊசி போடும் தம்பிக்கு மூன்று வாரமாக இருமல்

சகோதரி, உங்கள் தம்பி ஹெரோயின் ஊசி போடுகிறார், மூன்று வாரமாக இருமுகிறார், உடம்பும் மெலிகிறது, பொலிஸுக்குப் பயந்து வைத்தியசாலைக்குப் போக மறுக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். இது காசநோயாக இருக்கலாம். பிறந்தபோது பிசிஜி தடுப்பூசி போட்டதால் அது வராது என்று நம்ப வேண்டாம். அந்தத் தடுப்பூசி சிறு குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோயைத்தான் நன்றாகத் தடுக்கும்.

இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை கட்டாயம். உங்கள் திருகோணமலையிலேயே அரசாங்க மார்பு நோய் சிகிச்சை நிலையம் இருக்கிறது, காசு கட்ட வேண்டியதில்லை. எச்.ஐ.வி. பரிசோதனையையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். ஊசியைப் பகிர்ந்திருந்தால் அது தொற்றியிருக்கலாம். காசநோய்க் கிருமி பலருடைய உடம்பில் நோயாகாமல் உறங்கிக் கிடக்கும், எச்.ஐ.வி. இல்லாதவருக்கு அது நோயாகும் வாய்ப்பு வாழ்நாள் முழுக்க 5 முதல் 10 சதவீதம்தான். எச்.ஐ.வி. இருந்து மருந்து எடுக்காவிட்டால் வருடத்துக்கே கிட்டத்தட்ட 10 சதவீதம். அப்படிப்பட்டவருக்கு நுண்ணோக்கியில் பார்த்தாலும் சளியில் கிருமி தெரியாமல் போகலாம், எக்ஸ்ரேயும் ஏமாற்றலாம். அதனால் சளியில் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

ஊசி போடுவதை டாக்டரிடம் மறைக்க வேண்டாம். காசநோய் மருந்துகள் ஈரலைப் பாதிக்கலாம். ஊசி வழியாக ஹெபடைடிஸ் சி என்ற ஈரல் தொற்று வந்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். சிகிச்சை வழக்கமாக 6 மாதம். தம்பி தனியே போகமாட்டார், நீங்களும் கூடப் போங்கள். அதுவரை ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவருடன் ஒரே அறையில் படுக்க விடாதீர்கள்.