தட்டுவடை செட்டுக்கு ஒரு வழிகாட்டி

ஐயா, வணக்கம்.

நான் அம்மாபேட்டைக்காரி. போன மாதம் வீட்டுக்காரர், மகன், மாமியாரோடு மலேசியாவில் இருக்கும் பினாங்கு போயிருந்தோம். அங்கே ஜார்ஜ் டவுன் நகரத்தில் ஒரு மாலை நேரம், ஒரு பெண் வழிகாட்டி எங்களையும் வேறு சிலரையும் தெருத்தெருவாக நடத்திக் கூட்டிப்போய்ச் சாப்பிட வைத்தார். நாசி கந்தர் என்கிற குழம்புச் சோறு, புட்டு மாயம், செண்டோல் என்கிற தேங்காய்ப்பால் இனிப்பு எல்லாம் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வண்டியின் முன்னால் நாங்கள் மொத்தமாகப் போய் நின்றதும், வழக்கமாக வாங்குகிறவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டியதாகிவிட்டது. எங்களில் ஒருவர் கேட்காமலே அந்த வண்டிக்கார அம்மாவின் முகத்துக்கு நேரே போனை நீட்டிப் படம் எடுத்தார். அது இன்னும் மனசில் உறுத்துகிறது.

இப்போது என் அண்ணன் மகன், சுற்றுலா படித்தவன், சேலத்திலேயே இப்படி ஒரு உணவு நடை தொடங்கப் போகிறேன் என்கிறான். “தட்டுவடை செட் திங்க எவனாவது காசு கொடுத்து ஆள் வைப்பானா?” என்று வீட்டில் கேட்கிறார்கள். இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் காயும் வைத்து வண்டியில் தருவார்களே, அதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு வேறு பயம். அந்த வண்டிகளை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு இதனால் கெடுதல் வந்துவிடாதா? சேலத்தில் காட்டுவதற்கு அப்படி என்ன இருக்கிறது என்றும் தோன்றுகிறது. மாமியாருக்கு நம் ஊரிலும் ஒருமுறை அப்படி நடந்து பார்க்க ஆசை. ஆனால் அவருக்குக் காரம் ஆகாது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகி,
அம்மாபேட்டை, சேலம்

அன்புள்ள சகோதரிக்கு,

காசு கொடுக்கலாம், தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். எந்தக் கடையில் எது நன்றாக இருக்கும் என்று சொல்ல இன்றைக்கு ஆள் தேவையில்லை, போனைத் தட்டினால் வந்துவிடும். இந்தப் பண்டம் இந்தத் தெருவுக்கு ஏன் வந்தது, யாருடைய பசிக்காக வந்தது, இதைச் செய்கிறவரின் நாள் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதெல்லாம் போனில் கிடைக்காது. அதைச் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் கூலி. அது தெரியாமல் ஐந்து கடைகளில் நிறுத்தி ஐந்து தின்பண்டம் வாங்கிக் கொடுப்பவருக்குக் கொடுக்கிற பணம் வீண் என்றே நினைக்கிறேன்.

நீங்கள் சாப்பிட்ட நாசி கந்தரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1786-இல் ஆங்கிலேயர்கள் பினாங்கில் காலூன்றியபின் ஜார்ஜ் டவுன் பெரிய துறைமுகமாக வளர்ந்தது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் தோளில் ஒரு கழியை வைத்து, ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்புகளுமாகத் தொங்கவிட்டுத் தெருவில் சுமந்து விற்றார்கள். மூட்டை தூக்கிய துறைமுகத் தொழிலாளர்களுக்கு அது வயிறு நிறைகிற சாப்பாடு. நாலைந்து குழம்பை ஒன்றன்மேல் ஒன்றாகச் சோற்றில் ஊற்றித் தருகிற பழக்கம் இன்றும் அங்கே இருக்கிறது. புட்டு மாயம் நம் இடியாப்பம்தான், தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் சேர்ந்தது. 2008-இல் அந்த நகரம் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் ஏறியது. கட்டடங்களைப் பார்க்க வருகிறவர்களுக்கு, அந்தக் கட்டடங்களுக்குக் கீழே மூட்டை சுமந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பதைச் சொல்லும் வழிகாட்டி கிடைத்தால் அது பெரிய கொடுப்பினை. உங்கள் வழிகாட்டி சொன்னாரா?

இதே கேள்வியைச் சேலத்தில் கேட்டுப் பாருங்கள். காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்பதற்குப் பதில் கிடைத்துவிடும்.

சேலம் உட்கார்ந்து வேலை செய்கிற ஊர். உங்கள் அம்மாபேட்டையிலும் குகையிலும் தறி. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. லீ பஜாரில் மண்டிக் கணக்கு. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டோ, பட்டறையில் குனிந்து பற்றவைத்துக்கொண்டோ பகல் முழுக்க இருந்தவருக்கு, சாயங்காலம் எழுந்து நாலு எட்டு நடந்து, நின்றுகொண்டே காரமாக எதையாவது கடிக்க வேண்டும் என்றிருக்கும். வயிறு நிறையக் கூடாது, ராத்திரிச் சாப்பாடு வீட்டில் காத்திருக்கிறது. வேலைக்கு நடுவே பத்து நிமிஷம் ஒதுக்கி வந்தவருக்கு இலை போட்டுப் பரிமாறவும் நேரமில்லை. இத்தனைக்கும் பொருந்துகிற ஒரு பண்டம் தட்டுவடை செட். அது இந்த ஊரில் இப்படி வேர்விட்டதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை.

அதை ஆள் கையில் பாருங்கள். ஒரு வாய்க்குள் அடங்கும் சின்னத் தட்டுவடைகளை வரிசையாகப் பரப்பி வைப்பார் வண்டிக்கார அக்கா. கரண்டி நுனியால் ஒவ்வொன்றின் மேலும் சிவப்புச் சட்னி, பூண்டும் மிளகாயும் அரைத்தது. அதன்மேல் துருவிய காரட்டும் பீட்ரூட்டும், பொடிசாக அரிந்த வெங்காயமும் ஒரே அள்ளில் விழும். அதற்குமேல் கொத்தமல்லியும் புதினாவும் அரைத்த பச்சைச் சட்னி. மேலே இன்னொரு தட்டுவடையை வைத்து விரலால் லேசாக ஒரு அழுத்து. அந்த அழுத்தில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. கொஞ்சம் கூடினால் நொறுங்கிவிடும், குறைந்தால் வாய்க்குப் போகும்போது காய் எல்லாம் சிந்தும். இவ்வளவையும் அவர் பேச்சை நிறுத்தாமல், மற்றவர் எத்தனை செட் கேட்டார் என்பதை மறக்காமல் செய்வார். வைத்த சில நிமிஷத்தில் சட்னி ஈரம் இறங்கித் தட்டுவடை நமத்துவிடும். அதனால் அங்கேயே நின்று தின்றாக வேண்டும். பார்சல் கேட்டால் சட்னியைத் தனியாகக் கட்டித் தருவார்கள், ஆனால் வீட்டில் போய் நாமே அடுக்கித் தின்றால் அந்த ருசி வருவதில்லை.

முறுக்கு செட், முட்டை செட் என்று வகைகள் உண்டு. மாங்காய்க் காலத்தில் பச்சை மாங்காய்ச் சீவலும் உள்ளே போகும். எனக்குப் பிடித்தது நொறுக்கல். தட்டுவடையையும் முறுக்கையும் கையால் உடைத்து, காயும் சட்னியும் போட்டுக் கிளறித் தருவது. உடைசலும் வீணாகாமல் போகிறது என்பதில் எனக்கு ஒரு மரியாதையே உண்டு.

அப்புறம் வண்டிக்குப் பின்னால் ஒரு உலகம் இருக்கிறது. தட்டுவடையை வண்டியில் சுடுவதில்லை. அரிசி மாவு, உளுந்து மாவு, பொட்டுக்கடலை மாவு, ஊறிய கடலைப்பருப்பு, எள், கறிவேப்பிலை சேர்த்துப் பிசைந்து, துணிமேல் வட்டமாகத் தட்டிப் பொரித்துக் கொடுக்கிற பெண்கள் வீடுகளில் இருக்கிறார்கள். எண்ணெய்ச் சட்டி முன்னால் அவர்கள் உட்காரும் நேரத்தில்தான் நம் வீடுகளில் மதியத் தூக்கம். அவர்களில் ஒருவர் சம்மதித்து, தன் வேலையைப் பற்றித் தானே பேசினால், அதற்கு உரிய தொகையை அவருக்குக் கொடுத்தால், உங்கள் அண்ணன் மகன், அந்தத் தம்பி, நடத்தப்போகிற நடையில் அதைவிட உயர்ந்த இடம் இருக்காது. சம்மதிக்காவிட்டால் அந்தத் தெருப்பக்கமே கூட்டத்தைக் கூட்டிப்போகக் கூடாது.

நடை எங்கே தொடங்குவது என்பதைத் தம்பியே முடிவு செய்யட்டும். நானாக இருந்தால் சுகவனேஸ்வரர் கோவில் வாசலில் தொடங்கி, முதல் அக்ரஹாரம், சின்னக்கடை வீதி வழியாகச் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் மெல்ல நகருவேன். மண்டிகளைக் கடக்கும்போது அங்கே நடக்கும் வெல்ல வியாபாரத்தைப் பற்றிப் பேசலாம். ஓமலூர், காமலாபுரம் பக்கத்து ஆலைகளில் காய்ச்சின வெல்லம் அங்கேதான் ஏலத்துக்கு வருகிறது. பொங்கல் நெருங்குகையில் அந்தப் பக்கம் வாசனையே வேறு. கோடையில் வந்தால் குண்டு மாம்பழமும் மல்கோவாவும் இருக்கிறது. நடக்கிறவர்களுக்கு ஒரு துண்டு அரிந்து கொடுத்துவிட்டு, மாந்தோப்புக் குத்தகை எப்படி நடக்கிறது என்று சொன்னால் போதும்.

குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, மட்டும் விட்டுவிட வேண்டாம். வெந்த கிழங்கோ, அதன் சிப்ஸோ வாங்கிக் கொடுத்தபடியே ஜவ்வரிசியின் கதையைச் சொல்லலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது, 1940-களில் சேலத்தில் தலையெடுத்த தொழில் அது. கிழங்கை அரைத்துப் பால் எடுத்து, மாவைப் படியவைத்து, குலுக்கிக் குலுக்கி மணியாக்கி, வறுத்துக் காயவைக்கிறார்கள். ஆலைக்காரர்களின் கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ் 1981-இல் வந்தது, சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வடநாட்டில் விரத நாளில் ஜவ்வரிசிக் கிச்சடி தின்கிறவருக்கு இந்த மண்ணைப் பற்றித் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அங்கிருந்து ஒருவர் இந்த நடைக்கு வந்தால் அவர் தட்டில் இருந்ததையே அவருக்குப் புதிதாகக் காட்டலாம்.

ஒன்றைத் தம்பியிடம் அழுத்திச் சொல்லுங்கள். கதை கட்டக் கூடாது. இன்ன ராஜா சாப்பிட்டார், இருநூறு வருஷப் பழமை, ரகசிய மசாலா என்று அடித்துவிடுகிற வழிகாட்டிகளை நாட்டில் எல்லா ஊரிலும் பார்க்கிறேன். கேட்கிறவர்கள் வாயைப் பிளந்து கேட்கிறார்கள், அதுவே அடுத்த வருஷம் அச்சில் வந்துவிடுகிறது. தட்டுவடை செட்டுக்கு ராஜா வேண்டாம். தறிக்காரரும் பட்டறைக்காரரும் போதும். அந்த வண்டி முன்னால் நிற்கும் அவர்களை ஓரமாகத் தள்ளிவிட்டு ராஜா கதை சொல்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். அது நியாயமான பயம், பினாங்கில் நீங்கள் பட்ட உறுத்தலும் நியாயமானது. வண்டிக்காரருக்குச் சாயங்காலம் ஆறு முதல் எட்டு வரைதான் உயிர். அந்த நேரத்தில் பத்துப் பேர் போய் நின்று விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தால் வழக்கமான வாடிக்கையாளர் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். அவர் நாளைக்கும் அங்கேயே போவார். கூட்டத்தின் வியாபாரம் ஒரு நாளோடு சரி, வாடிக்கையாளரை இழந்த நஷ்டம் வருஷக் கணக்கில் நிற்கும். அதனால் ஐந்தாறு பேருக்கு மேல் கூட்டிப்போகக் கூடாது, வண்டி போட்டுச் சட்னியும் காயும் தயாரான உடனே, நாலரை ஐந்துக்குள் போய்விட வேண்டும். முந்தின நாளே சொல்லிவைத்து, பணத்தை முன்னால் கொடுத்துவிட வேண்டும். பேரம் பேசவே கூடாது. வண்டிக்காரரிடம் கமிஷன் கேட்கிற எண்ணம் தம்பிக்குத் துளி இருந்தாலும் இந்தத் தொழில் அவருக்கு வேண்டாம். படம் எடுக்க ஆசைப்படுகிறவர் முதலில் வாங்கிச் சாப்பிட்டு, பெயர் கேட்டு, பேசி, அப்புறம் அனுமதி கேட்கட்டும். வேண்டாம் என்று அந்த அம்மா சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டும். இதை நடை தொடங்குவதற்கு முன்பே எல்லோரிடமும் சொல்லிவிடலாம், யாருக்கும் சங்கடம் இல்லை.

இன்னொரு ஆபத்து இருக்கிறது. ஒரு வண்டி பேர் வாங்கிவிட்டால் அங்கே கூட்டம் சேரும், நடைபாதையை அடைக்கிறது என்று யாராவது புகார் கொடுப்பார்கள். அடி வண்டிக்காரருக்குத்தான் விழும், வழிகாட்டிக்கு இல்லை. எனவே 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தைத் தம்பி ஒருமுறை முழுசாகப் படிக்க வேண்டும். கணக்கெடுப்பில் வந்த வியாபாரிக்கு, தெருவில் விற்க அனுமதிக்கும் விற்பனைச் சான்று பெற உரிமை உண்டு. தெருவோர வியாபாரத்தைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். நாற்பது வருஷம் வண்டி தள்ளுகிறவருக்கே இது தெரியாமல் இருக்கலாம். தம்பி பக்கத்தில் நின்று ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால், தான் காட்டிப் பிழைக்கிற தெருவுக்குத் தம்பி செய்கிற கைம்மாறாக இருக்கும்.

சுத்தத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, வருகிறவர்கள் கேட்பார்கள். காய் அன்றைக்குத் துருவியதா, சட்னிப் பாத்திரத்துக்கு மூடி உண்டா, கை கழுவத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அச்சடித்த செய்தித்தாளில் தின்பண்டம் வைத்துத் தரக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லியிருக்கிறது. பாக்குமட்டைத் தட்டுகளைத் தம்பியே கையோடு கொண்டுபோகட்டும்.

பக்கத்து மலையான ஏற்காட்டையும் இதோடு சேர்த்து ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பார் தம்பி, இளவயசு. வேண்டாம். ஏரிக்கரை பஜ்ஜியும் காப்பித் தோட்டமும் வேறு ஒரு நாளுக்கான விஷயம். இருபது கொண்டைஊசி வளைவு இறங்கி வந்த வயிற்றுக்குப் பூண்டுச் சட்னி ஒத்துக்கொள்ளாது.

முதல் நடைக்கு வெளியூர்க்காரர்களைத் தேட வேண்டாம். அம்மாபேட்டையிலிருந்தும் பொன்னம்மாபேட்டையிலிருந்தும் ஆட்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். ஒரே ஊரில் பிறந்து கொலுசுப் பட்டறையின் உட்பக்கத்தைப் பார்க்காதவர்கள் எத்தனையோ பேர். பட்டறைக்காரர்களும் தறிச் சத்தத்துக்கு இந்தப் பக்கம் வந்து பார்க்கட்டும். இவர்கள் திருத்துகிற தப்புகளையெல்லாம் குறித்துக்கொண்டபின் வெளியூர்க்காரர்களிடம் பணம் வாங்கலாம்.

உங்கள் மாமியாரைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். சிவப்புச் சட்னி வேண்டாம், பச்சை மட்டும் போடுங்க என்று சொன்னால் வண்டிக்கார அக்கா அப்படியே வைத்துத் தருவார். பச்சையிலும் மிளகாய் உண்டு என்பதால் காயைக் கொஞ்சம் கூடுதலாக வைக்கச் சொல்லுங்கள். தட்டுவடை கடிக்கச் சிரமமாக இருந்தால் நொறுக்கலாக வாங்கி, இரண்டு நிமிஷம் ஊறவிட்டுக் கொடுங்கள்.

அன்புடன்.